கண்டக்டர் கொண்டுவந்த ஒன்பது நாணயங்கள்: மின்ட்டில் நடந்த தப்பு எது, வெளியே பட்ட அடி எது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பதில் ஐந்து வெளியே அடிபட்டவை, ஒன்று எந்தக் குறையும் இல்லாத சாதாரண நாணயம், மூன்றில்தான் மின்ட்டில், அதாவது அரசு நாணயம் அடிக்கிற சாலையில், நடந்த தப்பு இருக்கிறது. அந்த மூன்றிலும் ஒன்றைத்தான் சேகரிப்பவர்கள் கையில் வாங்கி விலை பேசுவார்கள். எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதை ஒவ்வொன்றாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஒன்பது வகையும் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது, கொண்டுவருகிறவர்கள் எல்லாரும், தப்பாக அடித்த நாணயத்துக்கு லட்சக்கணக்கில் விலை கிடைக்கும் என்கிற ஒரே மாதிரி வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

நான் ஓசூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் டூல் ரூம் வேலை செய்கிறவன். தகட்டை வெட்டுவது, டை என்கிற அச்சில் அடிப்பது, பர் என்கிற ஓரப் பிசிறை எடுப்பது, இதுதான் எனக்குப் பகல் முழுக்க. நாணயம் சேர்ப்பது ஞாயிற்றுக்கிழமை வேலை. ராயக்கோட்டையிலிருந்து ஓசூருக்கு நான் போகிற பஸ், தர்மபுரியிலிருந்து பாலக்கோடு வழியாக வருவது. அதில் கண்டக்டராக இருக்கிற அண்ணனிடம் ஒருநாள் சில்லறை வாங்கும்போது ஒரு பழைய ஐந்து ரூபாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அவர் கவனித்துவிட்டார். "தம்பி, நீங்க காயின் சேர்க்கிறவரா? வீட்டுல ஒரு பாட்டில் இருக்கு, பார்த்துச் சொல்றீங்களா" என்றார். பத்து ரூபாய் நாணயத்தைக் கடைகளில் வாங்க மாட்டோம் என்று அடம்பிடித்த காலத்தில் ஜனங்கள் அதையெல்லாம் பஸ்ஸில்தான் தள்ளிவிட்டார்கள், அதனால் இவர் கையில் நாணயம் ஆற்றுவெள்ளமாக ஓடியிருக்கிறது. விசித்திரமாகத் தெரிந்ததையெல்லாம் ஐந்தாறு வருஷமாக எடுத்து வைத்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வந்தார். ஒன்பது நாணயங்களைத் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். அவிழ்த்ததும் பளபள என்று இருந்தது, எனக்கு அப்போதே மனசு கஷ்டமாகிவிட்டது. "நேத்து ராத்திரி பாத்திரம் தேய்க்கிற பவுடர் போட்டு நல்லா தேய்ச்சுட்டேன் தம்பி, அழுக்கா கொண்டுவந்தா நல்லா இருக்காதுன்னு." அவர் மரியாதையாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் லென்ஸில் பார்த்தால் எல்லாவற்றின் மேலும் தலைமுடி மாதிரி கீறல். இதைப் படிக்கிறவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், நாணயத்தைத் தேய்க்காதீர்கள், நல்ல நாணயத்தின் விலை பாதிக்குமேல் அங்கேயே போய்விடும்.

என்னிடம் இருந்தவை: 0.01 கிராம் காட்டுகிற நகைத் தராசு, வெர்னியர் காலிப்பர், 10 மடங்கு லென்ஸ், ஒரு காந்தம், ஒரு டார்ச். இதற்குமேல் வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது ஒரு கேள்வி: இந்தக் கோளாறு மின்ட்டில் எந்த வேலையின்போது நடந்திருக்க முடியும்? நாணயம் பிறக்கிற வழி நீளமானது இல்லை. தகட்டிலிருந்து வட்டமாக வில்லை வெட்டுகிறார்கள், அதைச் சூடுபடுத்தி மென்மையாக்கிக் கழுவுகிறார்கள், சுற்று விளிம்பை உருட்டி உயர்த்துகிறார்கள், அப்புறம் காலர் என்கிற வளையத்துக்குள் வைத்து மேலும் கீழும் இரண்டு டை கொண்டு ஒரே அடி. அவ்வளவுதான். உண்மையான எரர், அதாவது மின்ட் தப்பு, என்றால் இந்த வரிசையில் ஒரு இடத்தை விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். காட்ட முடியவில்லை என்றால், எவ்வளவு அதிசயமாகத் தெரிந்தாலும், அது வெளியே நடந்தது.

முதல் நாணயம் அவர் அதிகம் நம்பியிருந்தது. பத்து ரூபாய், வெளியே மஞ்சள் வளையம், உள்ளே வெள்ளை வட்டம். உள்வட்டத்தில் இருக்கிற சிங்கத் தலைகள் வளையத்தில் இருக்கிற பாரத், இந்தியா எழுத்துகளோடு நேராக நிற்காமல் கடிகார முள் மாதிரி ஒரு பக்கம் திரும்பியிருந்தன. இதை மூன்று லட்சத்துக்கு வாங்கிக்கொள்வதாக ஒருவர் போனில் சொல்லியிருக்கிறார், அதைப் பின்னால் சொல்கிறேன். இந்த நாணயத்துக்கு லென்ஸே வேண்டாம், யோசித்தால் போதும். வளையமும் உள்வட்டமும் டைக்கு அடியில் போகும்போது இரண்டும் வெறும் வில்லைகள், மேலே ஒரு எழுத்தும் கிடையாது. வெற்று வட்டத்தை வளையத்துக்குள் எப்படித் திருப்பிப் போட்டாலும் யாருக்குத் தெரியும்? சிங்கமும் எழுத்தும் ஒரே டையில், ஒரே அடியில் விழுகின்றன. ஆகவே அடி விழுந்தபோது இரண்டும் நேராகத்தான் இருந்தாக வேண்டும். திரும்பியிருக்கிறது என்றால் அடித்த பிறகு உள்வட்டம் கழன்று, யாரோ திரும்ப அழுத்திப் பொருத்தியிருக்கிறார்கள். அப்புறம் லென்ஸில் பார்த்தேன், இணைப்பைச் சுற்றி உலோகம் பிய்ந்து நின்றது, ஒரு இடத்தில் சுத்தியல் பட்ட தட்டையான மினுமினுப்பு. உள்வட்டம் ஓரமாக விலகி, அந்த விலகலின் மேலேயே டையின் சித்திரம் வளையத்துக்கும் வட்டத்துக்கும் தொடர்ச்சியாக விழுந்திருந்தால் அது வேறு கதை, அது நிஜம், அதற்கு மதிப்பு உண்டு. திரும்பிய சிங்கத்துக்கு இல்லை.

இரண்டாவது, மஞ்சள் நிற ஐந்து ரூபாய். 5 என்ற எண் இருக்கிற பக்கத்தில், எண்ணின் மேலேயே, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடவலம் மாறிய சிங்கம் பள்ளமாகப் பதிந்திருந்தது. இதைப் பார்த்தால் யாருக்கும் ஆச்சரியம் வரும். வீடியோக்களில் இதை ப்ரோகேஜ் என்று சொல்கிறார்கள். ப்ரோகேஜ் என்பது நிஜமாகவே நடப்பதுதான்: அடித்த நாணயம் வெளியே விழாமல் ஒரு டையில் ஒட்டிக்கொள்ளும், அடுத்த வில்லை அதற்கு அடியில் வந்து அடிபடும், அப்போது ஒட்டிக்கொண்ட நாணயமே டை வேலை செய்து தன் உருவத்தை இடவலம் மாற்றிப் பள்ளமாகப் பதிக்கும். ஆனால் அப்படி நடந்தால் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டிய 5 விழவே முடியாது, அந்த டையை ஒட்டிய நாணயம் மூடிக்கொண்டிருக்கிறது அல்லவா. ஒரு பக்கம் சரியான சிங்கம், மறுபக்கம் அதே அளவில் பள்ளமான சிங்கம், இதுதான் கிடைக்கும். இங்கே 5 முழுசாக இருக்கிறது, அதன்மேல் சிங்கம். அந்தச் சிங்கத்தைக் காலிப்பரில் அளந்தேன், மறுபக்கத்தில் இருக்கிற ஐந்து ரூபாய் சிங்கத்தின் அளவு இல்லை. என் டப்பாவிலிருந்து ஒரு ஸ்டீல் ஒரு ரூபாயை எடுத்து வைத்துப் பார்த்தால் அச்சாகப் பொருந்துகிறது. ஸ்டீல் கடினம், ஐந்து ரூபாயின் நிக்கல் பித்தளை மென்மை, இரண்டையும் முகத்துக்கு முகம் சேர்த்து, பொருளை இறுக்கிப் பிடிக்கிற பட்டறைக் கருவியான பென்ச் வைஸில் இறுக்கினால் பித்தளைதான் பள்ளம் வாங்கும். மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், சிங்கத்தின் மேடான இடங்கள் நசுங்கி, அதில் வைஸ் தாடையின் குறுக்கு வரிகள் லேசாகத் தெரிந்தன. அந்த வரிகளை நான் இருபது வருஷமாகப் பார்க்கிறேன். எங்கள் பக்கத்தில் வைஸ் இல்லாத பட்டறை எது, மதிய சாப்பாட்டு நேரத்தில் ஒரு பையன் விளையாட்டாகச் செய்திருப்பான், அப்புறம் அது பஸ் ஏறியிருக்கிறது.

மூன்றாவது, தங்க நிறத்தில் ஒரு ரூபாய். 2011-இல் வந்த சின்ன வரிசை, 22 மி.மீ., இருக்க வேண்டிய எடை 3.79 கிராம். ஐந்து ரூபாய்க்கான பித்தளை வில்லையில் தவறி ஒரு ரூபாய் அடித்துவிட்டார்கள் என்பது அவருக்குச் சொல்லப்பட்ட கதை. காந்தத்தைக் காட்டினேன், டக்கென்று ஒட்டியது. பித்தளை ஒட்டாது. ஐந்து ரூபாய் வில்லை என்றால் எடையும் 6 கிராம் பக்கத்தில் வந்திருக்க வேண்டும், இது 3.82 தான். பக்கவாட்டில் தேய்ந்த ஒரு இடத்தில் ஸ்டீலின் வெள்ளை எட்டிப் பார்த்தது. முலாம். அவ்வளவுதான் இதைப் பற்றி.

நான்காவது நாணயத்தில் அவர் என்னோடு வாதாடினார், வாதம் நியாயமானதுதான். பழைய பெரிய ஸ்டீல் ஒரு ரூபாய், முட்டை வடிவில் அகலமாக விரிந்திருந்தது. "எடை போட்டுப் பாருங்க தம்பி, எடை சரியா இருந்தா ஒரிஜினல்னு சொன்னாங்க." போட்டேன், 4.83. இருக்க வேண்டியது 4.85. எடை சரி. ஆனால் எடை என்ன சொல்கிறது? உலோகம் எங்கும் போகவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது, எப்போது நகர்ந்தது என்று சொல்லாது. காலர் இல்லாமல் அடிபட்ட நாணயமும் அகலமாக விரியும், நிஜம்தான், ஆனால் அதில் நடுச் சித்திரம் கூர்மையாக நிற்கும், விரிவது எல்லாப் பக்கமும் கிட்டத்தட்டச் சமமாக விரியும். இது ஒரே திசையில் இழுபட்டிருந்தது, எழுத்துகள் சாணியில் பதிந்த கால்தடம் மாதிரி கலங்கி, மேற்பரப்பு முழுக்க அந்த ஒரே திசையில் மெல்லிய கோடுகள். தர்மபுரியிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை என்று ஓசூர்வரை ரயில் பாதை கூடவே வருகிறது, தண்டவாளத்தில் காசு வைக்காத பிள்ளை இந்தப் பக்கம் உண்டா. நானும் வைத்திருக்கிறேன் என்று சொன்னதும் அவர் சிரித்துவிட்டார், வாதம் முடிந்தது.

ஐந்தாவது, சிங்கத்தின் முகத்திலிருந்து விளிம்புவரை ஒரு கோடு. டை விரிசல் என்று நினைத்திருக்கிறார். இங்கே ஒரு விஷயத்தை நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள், எங்கள் வேலையில் முதல் நாள் சொல்லித்தருவது இதுதான்: டையில் பள்ளம் இருந்தால் பொருளில் மேடு வரும். டை விரிந்தால் அந்த விரிசல் ஒரு பள்ளம், அடிக்கும்போது உலோகம் அதற்குள் ஏறும், நாணயத்தில் கோடு மேடாகத்தான் நிற்கும். இந்தக் கோடு பள்ளம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து அவரையே பார்க்கச் சொன்னேன். கோட்டின் இரண்டு கரையிலும் உலோகம் ஒதுங்கி நின்றது, ஏர் ஓட்டிய சாலில் மண் இருபுறமும் ஒதுங்குகிற மாதிரி. ஆணியோ உளியோ இழுத்திருக்கிறது. "அட, ஆமாம்" என்றார்.

ஆறாவது ஒரு நல்ல ஸ்டீல் இரண்டு ரூபாய், ஆண்டுக்குக் கீழே மின்ட் குறியே இல்லை. "குறி விட்டுப்போச்சு." விட்டுப்போகவில்லை. மும்பைக்கு வைர வடிவம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்கு எதுவும் கிடையாது, வழக்கமே அப்படித்தான். கொல்கத்தாவில் அடித்த கோடிக்கணக்கான நாணயங்களில் இது ஒன்று. இதே மாதிரி இன்னொரு குழப்பமும் அடிக்கடி வரும், "சின்ன சைஸ் இரண்டு ரூபாய்" என்று. 2011 வரிசையில் அளவே குறைந்தது, இரண்டு ரூபாய் 27 மி.மீட்டரிலிருந்து 25-க்கு வந்தது, எடையும் 4.85 கிராமாகிப் பழைய ஒரு ரூபாயின் எடைக்கே வந்துவிட்டது. அது தப்பு இல்லை, வரிசை மாற்றம்.

இனி நிஜமானவை.

ஏழாவது, இரண்டு விரல் காட்டுகிற கை முத்திரை போட்ட இரண்டு ரூபாய், 2007-இலிருந்து சில வருஷம் வந்தது. ஓரத்தில் பிஸ்கட்டைக் கடித்த மாதிரி வளைவாக ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. இதைத் துணியிலிருந்து எடுக்கவே அவர் தயங்கினார், "இது யாரோ வெட்டினது, செல்லாதுன்னு ஒரு பாட்டி கையில குடுத்துட்டுப் போச்சு" என்றார். எனக்கு இதைப் பார்த்த உடனே நெஞ்சு படபடத்தது, ஆனாலும் வெட்டிய நாணயங்கள் ஏராளம், கிருஷ்ணகிரி பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறைகளில் கட்டிங் பிளேடுக்கும் அரைக்கிற சக்கரத்துக்கும் குறைவே இல்லை, அரைவட்ட அரம் இருந்தால் பத்து நிமிஷத்தில் இப்படி ஒரு கடி செய்துவிடலாம். ஆகவே அவசரப்படாமல் பார்த்தேன்.

இந்தக் கடி மின்ட்டில் எப்படி வரும் என்றால், வில்லை வெட்டும்போது தகடு சரியான தூரம் நகராமல் நின்றுவிடும். எங்கள் பிரஸ்ஸில் ஃபீட் குறைந்துபோச்சு என்போம். பஞ்ச் கீழே வரும்போது முன்பு வெட்டிய ஓட்டையின் ஒரு பகுதியும் அடியில் வந்துவிடும், அந்த இடத்தில் உலோகமே இல்லை, வில்லை கடிபட்டு விழும். அப்படியானால் அந்தக் கடியின் வளைவு இன்னொரு வில்லையின் வளைவாகத்தான் இருக்க வேண்டும். அதே வரிசை இரண்டு ரூபாய் ஒன்றை எடுத்து அந்தக் கடிக்குள் வைத்தேன், தட்டுக்குள் தட்டு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது. அடுத்தது எடை. கடியின் வாய் 12 மி.மீ., ஆழம் 3 மி.மீ., அந்த அளவு போனால் 5.62 கிராமில் சுமார் கால் கிராம் குறைய வேண்டும். தராசு 5.37 காட்டியது.

இதுவரை நல்ல அரக்காரனும் செய்துவிடுவான். அவன் செய்ய முடியாதது இரண்டு. ஒன்று, கடிக்கு நேர் எதிரே இருக்கிற விளிம்பு. வில்லையின் விளிம்பை உருட்டி உயர்த்துகிற மிஷினில் இரண்டு பக்கமும் அழுத்தம் இருக்கும், கடிபட்ட இடம் உள்ளே வரும்போது ஒரு பக்கம் வெற்றிடம், பிடிமானம் இல்லை, அதனால் எதிர்ப்பக்க விளிம்பும் சரியாக உயராது. இதைப் பிளேக்ஸ்லி விளைவு என்கிறார்கள். லென்ஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோனேன், ஒரு சின்ன தூரத்துக்கு விளிம்பு மழுங்கி, தரையோடு கரைகிற மாதிரி தாழ்ந்திருந்தது, மற்ற இடமெல்லாம் எழும்பி நின்றது. எல்லா நிஜக் கடியிலும் இது இவ்வளவு தெளிவாக இருக்காது, இதில் இருந்தது. இரண்டாவது, கடியின் ஓரத்தில் இருந்த எழுத்து. அடி விழும்போது உலோகம் காலியான பக்கமாக ஓடும், அதனால் அங்கே இருக்கிற எழுத்துகள் கடியை நோக்கி இழுபட்டு, போகப் போக மங்கும். அடித்த பிறகு வெட்டினால் எழுத்து கடைசிவரை கூர்மையாக நின்று சட்டென்று அறுபடும், ஓரத்தில் பர் இருக்கும். இதில் ஒரு எழுத்தின் கால் கடிப்பக்கமாகச் சாய்ந்து நீண்டு கரைந்திருந்தது, ஓரம் உருண்டு மழமழவென்று இருந்தது, நகத்தால் தடவினால் பர் தட்டவில்லை. நான் அவரிடம் திரும்பி "அண்ணா, இது மின்ட்ல நடந்தது" என்றேன். அவர் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

எட்டாவது, பழைய கனமான வெள்ளை ஐந்து ரூபாய், செம்பும் நிக்கலும் கலந்தது. சிங்கத்தை நேராகப் பிடித்துப் புத்தகப் பக்கம் திருப்புகிற மாதிரி இடவலமாகத் திருப்பினால் 5 நேராக நிற்க வேண்டும், இதில் பக்கவாட்டில் படுத்திருந்தது, ஏறக்குறைய கால் சுற்று. ஒரு டை தன் பிடியில் தளர்ந்து சுழன்றுவிட்டால் இப்படி ஆகும். வெளியே இதைச் செய்வதற்கு ஒரே வழி இரண்டு நாணயத்தைக் குடைந்து ஒட்டுவதுதான், மேஜிக் காட்டுகிறவர்கள் வைத்திருக்கிற இரட்டைத் தலை நாணயம் அப்படித்தான் செய்கிறார்கள், அதில் விளிம்பின் உள்பக்கம் சுற்றி ஒரு மயிரிழை தெரியும், மேசையில் போட்டால் மணி மாதிரி ஒலிக்காமல் தொப்பென்று விழும். இதில் இழை இல்லை, ஒலி நன்றாக இருந்தது, எடை 8.98, இருக்க வேண்டியது 9.00. நிஜம். ஆனால் டை சுழன்ற நாணயங்கள் நம் நாட்டில் அவ்வளவு அரிதில்லை, தலைகீழாக அரைச் சுற்று திரும்பியிருந்தால்தான் ஆட்கள் ஓடி வருவார்கள். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

ஒன்பதாவதில் ஆண்டு எண்கள் இரட்டையாகத் தெரிந்தன. டையே இரட்டையாகச் செதுக்கப்பட்டிருந்தால் இரண்டாவது உருவமும் முதலாவது போலவே மேடாக, உருண்டையாக நிற்கும், எழுத்து தடிக்கும், மூலைகளில் பிளவு தெரியும். இதில் எண்ணின் ஒரு பக்கத்தைச் சீவித் தள்ளிய மாதிரி தட்டையான படி மட்டும் இருந்தது, எண் மெலிந்திருந்தது. அடி முடிகிற நொடியில் டை லேசாக ஆடியதால் வருவது. மின்ட்டில் நடந்ததுதான், ஆனால் தினமும் நடப்பது, யாரும் கூடுதல் காசு தரமாட்டார்கள்.

சரி, அந்த மூன்று லட்சம். போன் செய்தவர் ஒரு பெரிய அலுவலகத்தின் பேரைச் சொல்லி, பத்து ரூபாய் நாணயத்தின் போட்டோவை வாங்கிக்கொண்டு, பதிவுக் கட்டணம் என்று 1,950 ரூபாய் அனுப்பச் சொல்லியிருக்கிறார். அண்ணன் அனுப்பிவிட்டார். அடுத்த நாள் வரி என்று ஒன்பதாயிரம் கேட்டதும்தான் சந்தேகம் வந்து என்னிடம் வந்திருக்கிறார். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்டிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது, பழைய நாணயம், நோட்டு வாங்க விற்க நாங்கள் கட்டணமோ கமிஷனோ யாரிடமும் கேட்பதில்லை, எங்கள் பேரில் கேட்க யாருக்கும் அனுமதி தரவும் இல்லை என்று. நாணயத்தை வாங்க வருகிறவன்தான் காசு தர வேண்டும், உங்களிடம் காசு கேட்கிறவன் வாங்க வந்தவன் இல்லை. அன்றைக்கே என் போனிலிருந்து இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்தோம். அந்தப் பணம் இன்னும் வரவில்லை. அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிற மனுஷன், இரண்டு நாள் சம்பளம் போனதைச் சொல்லும்போது முகம் சுண்டிவிட்டது, எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

கடிபட்ட இரண்டு ரூபாயை எனக்குத் தெரிந்த சேகரிப்பவர் ஒருவரிடம் காட்டினோம். பவுடர் கீறல் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் தந்திருப்பேன் என்று சொல்லி நானூறு ரூபாய் பேசினார். அண்ணன் விற்கவில்லை, அட்டை ஹோல்டரில் போட்டு, சுழன்ற ஐந்து ரூபாயோடு பீரோவில் வைத்திருக்கிறார். கொல்கத்தா நாணயமும் ஒன்பதாவதும் அடுத்த நாளே பஸ்ஸில் சில்லறையாகப் போய்விட்டன. அடிபட்ட ஐந்தையும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன், அவை இப்போது என் மேசை டிராயரில் தனி டப்பாவில் இருக்கின்றன, அடுத்து யாராவது திரும்பிய சிங்கத்தோடு வந்தால் பக்கத்தில் வைத்துக் காட்ட.